நிழல்விளக்கின் ஒற்றை இலை

விதையை மண்ணுக்குள் வைக்கும் மனிதன் காலத்தையே சாட்சிக்கு அழைக்கிறான். அந்தச் சாட்சி ஒருபோதும் பொய் சொல்வதில்லை.

இந்த வாசகம் ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளரின் தோட்டத்தில், கிழக்குச் சுவரில், மழை படாமல் பிளாஸ்டிக் உறை போட்டு நான்கு ஆணிகளால் அறையப்பட்டிருந்தது. எழுதியவரும் அவரே, ஆணி அடித்தவரும் அவரே. அடிக்கும்போது சுத்தியல் பட்டுக் கட்டைவிரல் நகம் கறுத்ததும் அவருக்குத்தான். வாசகத்துக்கு நேர் கீழே ஒரு மரப்பெட்டி. அதன் முகப்பில் பித்தளைத் தகடு: 'நிழல்விளக்கு. பன்னிரண்டு விதைகள். தொடாதீர்.' பெட்டிக்குள் தக்காளி காய்த்திருந்தது.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணித் தபால் வரும்வரை அந்தத் தக்காளியால் யாருக்கும் தொந்தரவு இருக்கவில்லை. தோட்டத்துக்குள் யாரையாவது விட்டால்தானே. 'முளைக்கிற விதைக்கு அந்நிய மூச்சு ஆகாது' என்று அவர் காட்டுப்பூ வளர்ப்போர் சங்கத்தில் ஒருமுறை சொல்லியிருந்தார். அவர்தான் சங்கத்தின் செயலாளர். உறுப்பினர்கள் பதினொரு பேர். நான்கு பேர் தேநீருக்காக வருகிறவர்கள். பதினொரு பேரும் நம்பினார்கள். சங்கத் தலைவரான பல் டாக்டர் அதைக் குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடும் போட்டுக்கொண்டார்.

கடிதம் அரசு விதை வங்கியின் பெண் அதிகாரியிடமிருந்து வந்திருந்தது. நிழல்விளக்கு என்பது அடர்ந்த காட்டில் மரங்களின் அடியில், சருகுக்கு நடுவே பூக்கிற வெள்ளைப் பூ. ஒரு தண்டு, ஒரு பூ, அவ்வளவுதான். இருட்டில் யாரோ விளக்கை வைத்துவிட்டு மறந்துபோன மாதிரி இருக்கும். முப்பது மாதத்துக்கு முன்பு விதை வங்கி அந்த விதைகளை ஐந்து பேரிடம் ஆளுக்குப் பன்னிரண்டு கொடுத்து, வீட்டுத் தோட்டத்தில் வளர்த்துப் பார்க்கச் சொல்லியிருந்தது. அந்த ஐவரில் ஆய்வாளரும் ஒருவர்.

'மற்ற நால்வரிடமும் ஒரு விதைகூட முளைக்கவில்லை' என்றது கடிதம். 'விதை எடுத்த மலைச்சரிவும் சென்ற மழையில் சரிந்து மண்ணோடு போயிற்று. எங்களுக்குத் தெரிந்தவரை இந்தச் செடி இன்று உயிரோடு இருக்கும் ஒரே இடம் தங்கள் தோட்டம்தான். வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வந்து பார்வையிடுகிறேன். தாங்கள் மாதந்தோறும் அனுப்பிய முப்பது அறிக்கைகளையும் கையோடு கொண்டுவருகிறேன்.'

கடைசி வரியில்தான் அவர் கண் நின்றது. பழைய பதிவேட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு வருகிறவர் எதற்கு வருகிறார் என்பது அவருக்குத் தெரியாதா. இருபத்தொன்பது வருஷம் அவர் அப்படித்தானே போனார்.

நடந்தது இதுதான். விதைப்பு விழாவை அவர் குறையில்லாமல் நடத்தினார். பல் டாக்டர் நாடா வெட்டினார். அதற்குப் பிறகு பெட்டி கல்லு மாதிரி கிடந்தது. மாதாமாதம் அனுப்ப அச்சடித்த படிவம் ஒன்று தந்திருந்தார்கள்: முளைத்தவை, இலை, நீளம், நிழல், நீர், உரம், அளவு. 'முளைத்தவை' என்ற கட்டத்தில் பூஜ்யம் எழுதவேண்டும். கை மறுத்தது. உத்தியோக காலத்தில் எந்தத் தலைமையாசிரியர் பூஜ்யம் எழுதினாலும் அவர் விட்டதில்லை. 'பூஜ்யம் என்பது எண் அல்ல, சோம்பலின் வடிவம்' என்று ஒரு பள்ளிக்கூடத்துக் கரும்பலகையிலேயே எழுதிவிட்டு வந்தவர். எனவே முதல் இரண்டு மாதம் 'எதிர்பார்க்கப்படுகிறது' என்று எழுதினார். மூன்றாம் மாதம் பெட்டியில் பச்சையாக ஏதோ தலைகாட்டியது. எண்ணினார், 'ஏழு' என்று எழுதித் தபாலில் சேர்த்தார். அடுத்த வாரமே அந்த ஏழும் தெருவோரத்தில் காலில் மிதிபடும் ஏதோ களை என்று தெரிந்துவிட்டது. களையைப் பிடுங்கினார். எண்ணைப் பிடுங்க முடியவில்லை. அது தபாலில் போயிருந்தது.

அன்றிலிருந்து காகிதத்தில் வளர்க்க ஆரம்பித்தார். காகிதத்தில் செடி நன்றாக வளர்ந்தது.

ஒரு வருஷம் கழித்து, விதையெல்லாம் செத்துவிட்டது என்று முடிவு கட்டி, பெட்டி மண்ணை ஒரு கூடையில் அள்ளிப் பின்சுவர் மூலையில் கொட்டினார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், ஒரு ஆள் நிற்கிற அளவு இடம். எறும்புப் புற்று ஒன்று உண்டு. வீட்டில் அவரைத் தவிர அங்கே யாரும் போவதில்லை. அவர் போவது யாருக்கும் தெரியாது, அவரும் சொன்னதில்லை. காலியான பெட்டியில் தக்காளி போட்டார். அது முளைத்தது.

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவரை மனைவி பார்த்தாள். பிரசவ ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவள். முகத்தைப் பார்த்தே நாடி சொல்லக்கூடியவள்.

"ஏன் மூஞ்சி இப்படி வெளுத்திருக்கு? யாராவது போயிட்டாங்களா?"

"இல்ல. வர்றாங்க."

அவள் கடிதத்தை வாங்கிப் படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தாள்.

"முளைச்சுதுன்னு எழுதினீங்களா?"

"ம்."

"எத்தன?"

"ஏழு. இப்ப ஆறு. ஒண்ண நத்தை தின்னுடுச்சு."

"இல்லாத ஏழுல ஒண்ண நத்தை தின்னுச்சா?"

"முழு வருகை காட்டினா சந்தேகம் வரும்மா. எந்தப் பள்ளிக்கூடத்துலயும் ஒருத்தனாவது காய்ச்சல்ல படுத்திருப்பான்."

அவள் கடிதத்தை மடித்து அவரிடமே கொடுத்தாள். பிறகு, "பொறக்காத புள்ளைக்கு நாங்க எடை எழுதியிருந்தா வேலையே போயிருக்கும்" என்றாள். "உங்களுக்குத்தான் போக வேலை இல்லையே. உண்மையச் சொல்லிடுங்க. ஒரு நிமிஷம் வலிக்கும், அப்புறம் சரியாயிடும்."

"நீ ஊசி போடறவ. போட்டுக்கறவன் நான்."

உண்மையைச் சொல்வதில் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. அன்று மாலையே பல் டாக்டர் தொலைபேசியில் அழைத்தார். விதை வங்கியிலிருந்து அவருக்கும் தகவல் போயிருந்தது. சனிக்கிழமை சங்கத்தின் சார்பில் தானும் வருவதாகவும், 'விதைச்செல்வர்' என்று பொறித்த கேடயத்துக்குச் சொல்லிவிட்டதாகவும் அவர் சொன்னார். "சார், உலகத்துலயே உங்ககிட்ட மட்டும்தான் அது இருக்கு. நெனச்சா எனக்குப் புல்லரிக்குது" என்றார். ஆய்வாளருக்கும் அரித்தது. புல் இல்லை, வேறு ஏதோ.

புதன்கிழமை அவர் அலமாரியைக் குடைந்து ஒப்பந்தக் காகிதத்தை எடுத்தார். 'விதைகள் அரசின் உடைமை' என்றது ஏழாவது பத்தி. 'தவறான தகவல் தருவது சட்டப்படி' என்று தொடங்கிய எட்டாவது பத்தியின் மேல் தேநீர் சிந்திக் கறையாகியிருந்தது. சட்டப்படி என்ன என்பது கறைக்குள் இருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் தெரியவில்லை. தெரியாததால் அவர் எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டார். அபராதம், வழக்கு, கம்பிக் கதவு, கம்பிக்கு இந்தப் பக்கம் பல் டாக்டர் கேடயத்தோடு நிற்பது. சாப்பாட்டுத் தட்டைத் தொடாமலே தள்ளிவைத்தார். வெளிவாசல் இரும்புக் கதவு காற்றில் கிறீச்சிட்டாலும் எழுந்து நின்றார். உட்காரச் சொல்வதற்கு யாரும் இல்லாததால் நின்றுகொண்டே இருந்தார்.

ஒரு முகம் திரும்பத் திரும்ப வந்தது. பல வருஷத்துக்கு முந்திய ஒரு தலைமையாசிரியர். பதிவேட்டில் நாற்பது பேர், வகுப்பில் முப்பத்திரண்டு. ஆய்வு நாளன்று பக்கத்துப் பள்ளியிலிருந்து எட்டுப் பிள்ளைகளைக் கடன் வாங்கி உட்கார்த்தியிருந்தார். ஆய்வாளர் பாடத்தில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கடைசி வரிசையில் இருந்த ஒரு சிறுமியைக் கூப்பிட்டு, "எனக்குத் தாகமா இருக்கும்மா. குடிக்கிற தண்ணி எங்க இருக்கு, கொண்டா" என்றார். அந்தக் குழந்தை வாசலில் நின்று இடமும் வலமும் பார்த்தது. தன் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்ப்பானை எங்கே இருக்கிறது என்று தெரியாத குழந்தை உலகத்தில் உண்டா. அந்தத் தலைமையாசிரியரின் மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாகப் பூத்தது. இந்த யுக்தியை ஆய்வாளர் பிறகு பத்திருபது மேடைகளில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறார். அந்த மேலுதட்டை மட்டும் எந்த மேடையிலும் சொன்னதில்லை. இப்போது கண்ணாடியில் தன் மேலுதட்டைப் பார்த்தார். அங்கேயும் பூத்திருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மச்சான் வந்தான். மனைவியின் தம்பி, இரண்டு தெரு தள்ளி சைக்கிள் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவன். எதையும் பழுது பார்த்துவிடலாம் என்பது அவனுடைய கொள்கை. விஷயத்தைக் கேட்டு முடித்ததும், விதை வங்கி கொடுத்திருந்த துண்டுப் பிரசுரத்தை வாங்கி முதல் பக்கத்துப் படத்தைப் பார்த்தான். முதல் இலை ஒன்றே ஒன்று; இதய வடிவம்; அடிப்புறம் ஊதா.

"இதுக்கா அத்தான் மூணு நாளா பட்டினி? ஒரு இலைதான கேக்கறாங்க. உலகத்துல ஒத்த இலைச் செடிக்கு என்ன பஞ்சமா?"

"டேய், வேணாம்டா" என்றாள் அக்கா.

"நீ சும்மா இருக்கா. ட்யூப் கிடைக்காட்டி ஒட்டுப் போட்டு ஓட்டறதில்லையா. அந்தம்மா பாத்துட்டுப் போகட்டும், அப்புறம் செத்துப்போச்சுன்னு எழுதிக்கலாம்."

ஆய்வாளர் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தார். "ஆறு வேணும்" என்ற சொற்கள் வெளியே வந்தன.

மச்சான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் போனான். பத்தே நிமிஷத்தில் ஒரு தட்டு நிறைய மண்ணோடு திரும்பினான். ஆறு செடிகள், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு இலை. இதய வடிவம். புரட்டிப் பார்த்தால் ஊதா.

"எங்க கிடைச்சுது தெரியுமா..."

"சொல்லாதே" என்று ஆய்வாளர் கையை நீட்டித் தடுத்தார். "எனக்குத் தெரியக்கூடாது. தெரியாதத கேட்டா தெரியாதுன்னு சொல்லலாம். தெரிஞ்சத கேட்டா நாக்கு குழறும்."

தக்காளிச் செடிகளைப் பிடுங்கிவிட்டு, அந்த ஆறையும் பெட்டியில் நட்டார்கள். மச்சானின் கைக்கு சைக்கிள் சக்கரம் பழக்கம், வேர் பழக்கமில்லை. நூல் மாதிரி இருந்த வேர்கள் மண்ணோடு பாதியும் காற்றோடு பாதியுமாகப் பிய்ந்தன. ஆய்வாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஒரு நிபுணரின் பார்வையோடு குனிந்தார்.

"தேவலாம். ஆனா இலை கொஞ்சம் தடிப்பு. நிஜமான நிழல்விளக்கு இவ்வளவு சாதாரணமா இருக்காது."

"நீங்க பாத்திருக்கீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"பாக்கணுமா என்ன. மூணு கட்டுரை எழுதியிருக்கேன்."

சனிக்கிழமை காலை அவர் ஐந்தரை மணிக்கே சட்டையை மாட்டிக்கொண்டார். பித்தானை மாற்றிப் போட்டிருப்பதை மனைவி சொன்னபோது, கழற்றி மறுபடியும் மாற்றியே போட்டார். அவளே போட்டுவிட்டாள். "மூச்ச நல்லா இழுத்து விடுங்க" என்றாள். எத்தனையோ பெண்களிடம் அதைச் சொன்னவள். அவர் இழுத்தார். விட மறந்துவிட்டார்.

ஒன்பதரைக்குப் பல் டாக்டர் வந்தார். கேடயம் செய்தித்தாளில் சுற்றப்பட்டிருந்தது. தோட்டத்தில் நுழைந்ததும் அந்நிய மூச்சு படாமல் இருக்கக் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார். பெட்டிக்கு ஆறடி தள்ளி நின்று, "ஐயோ, என்ன அழகு" என்று கைக்குட்டைக்குள் சொன்னார். ஆறு இலைகளும் ராத்திரியோடு ராத்திரியாகத் தலையைத் தொங்கப்போட்டிருந்தன.

"பணிவு சார்" என்றார் பல் டாக்டர். "எவ்வளவு பணிவு பாத்தீங்களா."

சரியாகப் பத்து மணிக்கு வெளிவாசலில் ஸ்கூட்டர் நின்றது. விதை வங்கி அதிகாரிக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். தலைக்கவசத்தைக் கழற்றினார், வணக்கம் சொன்னார், தேநீர் வேண்டாம் என்றார். தோளில் கறுப்புப் பை. ஆய்வாளரிடம் அதே மாதிரி ஒரு பை இருந்தது. இப்போது பரண்மேல் கிடக்கிறது. தேநீர் வேண்டாம் என்று அவரும் சொல்வதுண்டு. சொன்னதும் தலைமையாசிரியர்களுக்குப் பாதி உயிர் போகும் என்று அவருக்குத் தெரியும். மீதிப் பாதி எப்படி இருக்கும் என்பது இப்போதுதான் தெரிந்தது.

அதிகாரி பெட்டிக்கு முன் மண்டியிட்டார். பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்தார். ஒரு இலையைச் சுண்டுவிரலால் புரட்டினார். அப்படியே அசையாமல் இருந்தார். பிறகு பூதக்கண்ணாடியைக் கீழே போட்டுவிட்டு அடுத்த இலையைப் புரட்டினார்.

கோபம், என்று நினைத்துக்கொண்டார் ஆய்வாளர். மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். அவருக்கு மடி கொள்ளாத கனம், வழியோ பத்தடிதான்.

"இது எப்ப விதைச்சது சார்?" குரல் தணிந்திருந்தது.

"முப்பது மாசத்துக்கு முன்னால."

"இந்தப் பெட்டியிலயா?"

"இதே பெட்டியில. தகடு பாருங்க."

அவர் தகட்டைப் பார்க்கவில்லை. மண்ணில் விரலை விட்டுத் துழாவி, ஒரு வேர்த்துண்டை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

"அப்ப மண்ணுக்குள்ள ஏன் தக்காளி வேர் இருக்கு?"

இதுதான். பானை எங்கே இருக்கிறது என்கிற கேள்வி. இடமும் வலமும் பார்த்தார் ஆய்வாளர். இடப்பக்கம் மனைவி. வலப்பக்கம் மச்சான். எதிரே சுவரில், காலம் ஒருபோதும் பொய் சொல்வதில்லை என்று அவருடைய கையெழுத்திலேயே எழுதியிருந்தது. திருடனுக்குத் தேள் கொட்டினால் அவன் வாயைத் திறக்கமாட்டான் என்பார்கள். இவருக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது.

"இது நிழல்விளக்கு இல்லம்மா" என்றார். "களை. நேத்து மத்தியானம் பிடுங்கி நட்டது. எதுவுமே முளைக்கல. ஏழும் இல்ல, ஆறும் இல்ல. நத்தையும் இல்ல."

பல் டாக்டர் மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுத்தார்.

அதிகாரி தலை நிமிர்ந்தார். கண்கள் கலங்கியிருந்தன. "சார், இது நிழல்விளக்குதான்."

பல் டாக்டர் கை தட்டினார். யாரும் சேர்ந்து தட்டாததால் நிறுத்திக்கொண்டார்.

"எட்டு வருஷமா இந்த ஒரு செடி பின்னால அலையறேன். எனக்குத் தெரியாதா" என்றார் அதிகாரி. "நீங்க பொய் எழுதறீங்கன்னு மூணாவது மாசமே தெரியும். முதல் வருஷம் இது மண்ணுக்கு மேல வராது, வேர் மட்டும்தான் இறங்கும். ரெண்டு வருஷம் தாண்டினாத்தான் ஒரு இலை. பிரசுரத்துல ரெண்டாம் பக்கத்துல போட்டிருக்கோமே."

பிரசுரத்தின் இரண்டாம் பக்கமும் மூன்றாம் பக்கமும் ஒட்டிக்கொண்டிருந்தன. அதுவும் தேநீர்தான்.

"தெரிஞ்சும் ஏம்மா கேக்கல?" என்றாள் மனைவி.

"அந்த நாலு பேரும் ரெண்டு மாசத்துல அறிக்கைய நிறுத்திட்டாங்க. இவர் பொய்யானாலும் மாசம் தவறாம அனுப்பினார். இப்படி ஒரு ஆளு மண்ணையாவது பத்திரமா வெச்சிருப்பார்னு நெனச்சேன்." பிறகு திரும்பினார். "இதைப் பிடுங்கினது யாரு?"

மச்சான் கையைத் தூக்கினான். "நான்தாங்க. பின்னால, தண்ணித் தொட்டிக்கு அந்தப் பக்கம், சுவர் மூலையில. ஒன்பது இருந்துச்சு. அத்தான் ஆறுதான் கேட்டார்."

அப்போதுதான் ஆய்வாளருக்கு அந்தக் கூடை ஞாபகம் வந்தது. செத்துவிட்டதென்று கொட்டிய மண். களை என்று பிடுங்கச் சொன்ன இலை. அவருடைய மூன்று கட்டுரைகளிலும் இல்லாத ஒன்று, பதினெட்டு மாதமாக அவர் காலடியில் வளர்ந்திருக்கிறது. சட்டென்று ஒரு நிம்மதி வந்தது. வந்த வேகத்திலேயே போயிற்று, ஏனென்றால் அதிகாரி எழுந்து பின்பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

"அங்க வேணாம்மா" என்று ஆய்வாளர் பின்னாலேயே ஓடினார். "சுத்தமா இருக்காது. நானே கொண்டு வரேன். இங்கயே இருங்க. தேநீராவது குடிங்க."

முன்பு இருந்த பயம் சட்டத்தைப் பற்றியது. இது வேறு ஜாதிப் பயம். சட்டத்தில் சிக்கியவனுக்கு வக்கீல் உண்டு.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஐந்து பேர் நிற்க இடமில்லை. அதிகாரி உள்ளே போய்க் குந்தினார். மற்றவர்கள் தொட்டியைச் சுற்றித் தலையை நீட்டினார்கள். மச்சான் தோண்டிய குழிகளுக்கு அப்பால், சுவரை ஒட்டி, மூன்று இலைகள் நிமிர்ந்து நின்றன. கரும்பச்சை, பளபளப்பு. பக்கத்தில் எறும்புச் சாரை.

"விதையில ஒரு கொழுப்பு முடிச்சு இருக்கும். எறும்பு அதுக்காகத்தான் தூக்கிட்டுப் போய்ப் புத்துக்குள்ள வைக்கும். காட்டுல இதுதான் நடக்குது, பெட்டியில நடக்காது" என்றார் அதிகாரி. அவருக்கு இப்போது அவர்கள் அங்கே இருப்பதே மறந்துவிட்டது போலிருந்தது. "அந்த ஆறு பிழைக்கறது கஷ்டம். வேர் அறுந்துபோச்சு. இந்த மூணுதான் மிச்சம். உலகத்துலயே இந்த மூணுதான்."

ஆய்வாளர் அந்த மூன்று இலைகளைப் பார்த்தார். தினமும் இங்கே வந்தவர். ஒருநாளும் பார்த்ததில்லை. அங்கே நிற்கும்போது வானத்தைப் பார்ப்பது அவர் வழக்கம்.

"இத நகர்த்தக்கூடாது. இங்க இதுவரைக்கும் என்ன நடந்துச்சோ அது அப்படியே நடக்கணும். ஒண்ணு மாறினாலும் போயிடும்" என்று அதிகாரி பையிலிருந்து ஒரு புதுப் படிவத்தை எடுத்தார். "அதனால இந்தத் தடவை உண்மை வேணும் சார். நிழல், சுவரு, சரி. எறும்பு, சரி. தண்ணி? மழையே இல்லாத நாலு மாசம் இந்த இடம் காயாம இருந்திருக்கு. யாரு ஊத்தினது?"

ஆய்வாளர் வானத்தைப் பார்த்தார்.

"துவைக்கற தண்ணி அந்தப் பக்கம் போகுது" என்றாள் மனைவி. "நான் இங்க வரதே இல்ல."

"தொட்டி ஒழுகுதா?"

"ஒழுகல. போன வருஷம் நான்தான் பூசினேன்" என்றான் மச்சான்.

அதிகாரி ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து மோந்து பார்த்தார். பிறகு அவர் சுவரில், முழங்கால் உயரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்த உப்பை நகத்தால் சுரண்டினார். நகத்தைப் பார்த்தார். மெதுவாகத் திரும்பி ஆய்வாளரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, கேலி இல்லை. விவரம் வேண்டும் என்கிற பார்வை. அதுதான் தாங்கமுடியவில்லை.

"நேரா செடி மேல பட்டிருந்தா கருகியிருக்கும்" என்றார் அவர். "சுவத்துல பட்டு வழிஞ்சு, சருகுல கலந்து இறங்கியிருக்கு. தினமும் ஒரே நேரத்துலயா சார்?"

மனைவி தன் கணவரை ஏற இறங்கப் பார்த்தாள். வீட்டில் இருப்பது ஒரே கழிப்பறை. காலை ஆறு மணிக்கு அதற்குள் இருப்பது அவள்.

"காலையில நடக்கப் போறேன்னு சொன்னது இங்கதானா?" என்றாள்.

"அத்தான்" என்றான் மச்சான். நேற்று அந்த மண்ணைக் கையால் அள்ளியது ஞாபகம் வந்து, கையைச் சட்டையில் துடைத்தான். பிறகு சட்டையைப் பார்த்தான்.

பல் டாக்டர் கேடயத்தை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டார். செய்தித்தாள் கிழிந்து 'செல்வர்' மட்டும் வெளியே தெரிந்தது.

இல்லை என்று சொல்லிவிடலாம். யாரும் பார்த்ததில்லை. அப்படிச் சொன்னால் இவர்கள் நாளை இந்த மூலையைக் கழுவி, நல்ல தண்ணீர் விட்டு, வேலி கட்டுவார்கள். மற்ற நான்கு பேரும் நல்ல தண்ணீர்தான் விட்டார்கள். மூன்று இலைகளும் அவரைப் பார்த்தபடி நின்றன. பக்கத்துப் பள்ளியிலிருந்து வந்தவை அல்ல. தண்ணீர் எங்கே இருக்கிறது என்று அவற்றுக்குத் தெரியும்.

ஆய்வாளர் படிவத்தை வாங்கித் தொட்டியின் மேல் வைத்தார். 'முளைத்தவை' என்ற கட்டத்தில் மூன்று என்று எழுதினார். 'நீர்' என்பதில் கோடு போட்டார். 'உரம்' என்பதில், தினமும், காலை ஆறு மணி, நான், என்று எழுதினார். 'அளவு' என்ற கட்டத்தில் கொஞ்ச நேரம் பேனா நின்றது.

'அளந்ததில்லை' என்று எழுதினார்.